கூட்டணி அரசு நிற்குமா விழுமா: ஐந்து பத்தி போட்ட ஒரு நோட்டு

திருச்சியில் ஒரு மாலை நாளிதழில் பல வருடம் உதவி ஆசிரியராக இருந்தேன். டெல்லிச் செய்தி முழுக்க என் மேஜைக்குத்தான் வரும். ஏஜென்சிக்காரர்கள் ஆங்கிலத்தில் அனுப்புவதைத் தமிழாக்கி, தலைப்பு வைத்து, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முதல் பக்கத்தை முடித்துக் கொடுத்துவிட வேண்டும். 1996 மே மாதத்திலிருந்து 1999 ஏப்ரல் வரை, மூன்றே வருடத்தில், நான்கு மத்திய அரசுகள் வந்தன, நான்கும் போயின. வந்ததற்கும் போனதற்குமாக எட்டுத் தலைப்பு. எட்டும் நான் வைத்ததுதான். அதில் ஒன்றைத் தப்பாக வைத்தேன். அந்தக் கதை பின்னால் வரும்.

என் அண்ணன் மகள் குரூப் ஒன் தேர்வுக்குப் படிக்கிறாள். போன மாதம் வந்திருந்தபோது, "சித்தப்பா, டிவியில ஆளுக்கொண்ணு சொல்றாங்க. ஒரு கூட்டணி நிக்குமா விழுமான்னு நாமளே எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டாள். பரணில் இருந்த பழைய நோட்டை இறக்கிக் காட்டினேன். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு நீள நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு ஐந்து பத்தி வருகிற மாதிரி கோடு போடுங்கள். முதல் பத்தியில் கட்சியின் பெயர். இரண்டாவதில் எத்தனை எம்.பி. மூன்றாவதில் அது நிற்கும் இடம்: அமைச்சரவைக்குள்ளா, வெளியிலிருந்து ஆதரவா, எதிர்வரிசையா, மதில்மேல் பூனையா. நான்காவதில், சொந்த மாநிலத்தில் அந்தக் கட்சிக்கு யாரோடு சண்டை. ஐந்தாவதில், இந்த அரசு நாளைக்குக் கவிழ்ந்தால் அந்தக் கட்சிக்கு என்ன நஷ்டம்.

முதல் மூன்றையும் பேனாவால் எழுதலாம். கடைசி இரண்டையும் பென்சிலால் எழுதுங்கள், மாறிக்கொண்டே இருக்கும். டிவி விவாதங்கள் பெரும்பாலும் இரண்டாவது பத்தியோடு நின்றுவிடுகின்றன. எண்ணிக்கை போதுமா போதாதா என்று கேட்டே ஒரு மணி நேரத்தை ஓட்டிவிடுவார்கள். நான் பார்த்தவரையில் அரசுகள் எண்ணிக்கை போதாமல் விழுவது குறைவு. ஐந்தாவது பத்தியில் யாரோ ஒருவருக்கு "ஒன்றும் நஷ்டமில்லை" என்று எழுத நேர்ந்த பிறகுதான் விழுகின்றன.

பயிற்சிக்கு 1996 மே மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிட நல்ல பாடக்கணக்கு எனக்குத் தெரிந்து கிடையாது. பாரதிய ஜனதா 161, காங்கிரஸ் 140, ஜனதா தளம் 46, மார்க்சிஸ்ட் 32, தமிழ் மாநில காங்கிரஸ் 20, தி.மு.க. 17, சமாஜ்வாதி 17, தெலுங்கு தேசம் 16, சிவசேனை 15, இந்திய கம்யூனிஸ்ட் 12, பகுஜன் சமாஜ் 11, அப்புறம் உதிரிகள். மொத்த இடம் 543. பாதியைத் தாண்ட 272 வேண்டும்.

அப்போது குடியரசுத் தலைவராக இருந்த சங்கர் தயாள் சர்மா, தனிப்பெரும் கட்சி என்பதால் வாஜ்பாயை அழைத்தார். மே 16ஆம் தேதி பதவியேற்பு. சிவசேனை, சமதா, அகாலி தளம், ஹரியானா விகாஸ் எல்லாரையும் கூட்டினாலும் 200ஐத் தொடவில்லை. 13 நாளில், மே 28ஆம் தேதி, ஓட்டெடுப்புக்கே போகாமல் ராஜினாமா. இதற்கு நோட்டு வேண்டாம், விரல்விட்டு எண்ணினாலே போதும்.

நோட்டு தேவைப்பட்டது அடுத்து வந்த ஐக்கிய முன்னணிக்குத்தான். பதின்மூன்று கட்சிகள். பிரதமர் வேலைக்கு ஆள் தேடிய கதையே தனி. வி.பி. சிங் வேண்டாம் என்றார். ஜோதிபாசுவைக் கேட்டார்கள், அவருடைய கட்சியின் மத்தியக் குழு கூடி வேண்டாம் என்றது. பின்னாளில் அதை வரலாற்றுப் பிழை என்று அவரே சொன்னார். கடைசியில் கர்நாடக முதல்வராக இருந்த தேவகவுடா ஜூன் 1ஆம் தேதி பிரதமரானார். 543 பேர் அவையில் அவருடைய கட்சிக்கு 46 பேர். அவரே மக்களவை உறுப்பினர் இல்லை. பிரதமருக்குச் சொந்தமாக எத்தனை பேர் என்பதை எப்போதும் பக்கத்தின் தலையில் தனியாக எழுதி வட்டம் போட்டுவிடுங்கள். அந்த எண் சின்னதாக இருந்தால் ஆளை மாற்றுவது எளிது என்று அர்த்தம். அரசைக் கவிழ்க்காமலேயே தலையை மட்டும் எடுத்துவிடலாம். தேவகவுடாவுக்கு அதுதான் நடந்தது.

முன்னணிக் கட்சிகளுக்கு 170க்குச் சற்றுக் கூட. அதோடு காங்கிரஸின் 140, வெளியிலிருந்து. கூட்டினால் 310க்கு மேல். இரண்டாவது பத்தியை மட்டும் பார்ப்பவருக்கு இது கல்கோட்டை.

மூன்றாவது பத்திக்கு வாருங்கள். "வெளியிலிருந்து ஆதரவு" என்ற சொல்லைப் பார்த்தவுடன் நிமிர்ந்து உட்கார வேண்டும். வீட்டுக்குள் குடியிருப்பவன் கூரை ஒழுகினால் சட்டி வைப்பான். திண்ணையில் உட்கார்ந்திருப்பவன் எழுந்து அடுத்த வீட்டுத் திண்ணைக்குப் போய்விடுவான். காங்கிரஸ் இப்படித் திண்ணையில் உட்கார்ந்து தாங்கிய பிரதமர்கள் நான்கு பேர்: சரண் சிங், சந்திரசேகர், தேவகவுடா, குஜ்ரால். ராஜினாமாவுக்குப் பின் அடுத்தவர் வரும்வரை நாற்காலியில் இருக்கும் காபந்துக் காலத்தையும் சேர்த்து எண்ணினால்கூட ஒருவரும் ஒரு வருடத்தை முழுதாகத் தாண்டவில்லை. சரண் சிங் 1979 ஜூலை 28ஆம் தேதி பதவியேற்று, ஆகஸ்ட் 20ஆம் தேதி, மக்களவையின் முகத்தையே பார்க்காமல் ராஜினாமா செய்தார்.

ஆனால் வெளியிலிருந்து ஆதரவு என்றாலே விழும் என்று எழுதிவிடாதீர்கள். தேவகவுடா அரசை மார்க்சிஸ்ட் கட்சியும் வெளியிலிருந்துதான் ஆதரித்தது. அவர்களால் அரசுக்கு ஒருநாளும் ஆபத்து வரவில்லை. ஏன்? ஐந்தாவது பத்தி. அரசு போனால் பாரதிய ஜனதா வரும். அதைவிடப் பெரிய நஷ்டம் அவர்களுக்கு வேறில்லை. 2004இல் மன்மோகன் சிங் அரசை இடதுசாரிகள் சுமார் 60 பேர் திண்ணையிலிருந்தே நான்கு வருடம் தாங்கினார்கள். ஆகவே மூன்றாவது பத்தி எச்சரிக்கை மணிதான். தீர்ப்பு ஐந்தாவதில் இருக்கிறது.

இப்போது காங்கிரஸுக்கு நான்காவது பத்தியை நிரப்பிப் பாருங்கள். ஆந்திராவில் தெலுங்கு தேசத்தோடு சண்டை. வங்கத்திலும் கேரளத்திலும் இடதுசாரிகளோடு சண்டை. கர்நாடகத்தில் ஜனதா தளத்தோடு சண்டை. தமிழ்நாட்டில் தி.மு.க.வும் த.மா.கா.வும். அந்த த.மா.கா.வோ, நரசிம்மராவ் அ.தி.மு.க.வோடு கூட்டு வைத்ததற்காக மூப்பனார் காங்கிரஸை உடைத்து அதே வருடம் தொடங்கிய கட்சி. அதாவது, டெல்லியில் காங்கிரஸ் யாரையெல்லாம் தாங்கியதோ அவர்களில் பெரும்பாலானோர் ஊரில் காங்கிரஸைத் தோற்கடித்துப் பிழைத்தவர்கள். இந்த அரசு நன்றாக நடந்தால் காங்கிரஸுக்கு நஷ்டம். மோசமாக நடந்தால் தாங்கியவர் என்ற பழி. இரண்டு பக்கமும் இடி.

அப்படியானால் உடனே கவிழ்த்திருக்க வேண்டுமே? கவிழ்க்கவில்லை. ஐந்தாவது பத்தியைப் பென்சிலால் எழுதச் சொன்னது இதற்குத்தான். 1996 நடுவில் காங்கிரஸ் தலைவர் நரசிம்மராவ். அப்போதுதான் தோற்றிருந்தார், வழக்குகள் துரத்திக்கொண்டிருந்தன, இன்னொரு தேர்தலுக்கு மனமில்லை. அரசு கவிழ்ந்தால் அவருக்கு நஷ்டம். செப்டம்பரில் அவர் விலக, சீதாராம் கேசரி தலைவரானார். கட்சியின் பெயர் அதே, எண்ணிக்கையும் அதே 140. ஆனால் ஐந்தாவது பத்தியில் இருந்ததை அழித்து வேறு எழுத வேண்டியதாயிற்று. ஆதரவு தரும் கட்சியில் தலைமை மாறுகிற அன்று அரசியல் பக்கத்தில் அது சின்னச் செய்தியாகத்தான் வரும். நீங்கள் அதைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

1997 மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமை. கேசரி ஆதரவை வாபஸ் வாங்கினார். த.மா.கா.வைச் சேர்ந்த நிதியமைச்சர் சிதம்பரம் போட்ட பட்ஜெட், வருமான வரியை 10, 20, 30 சதவீதமாகக் குறைத்த அதே பட்ஜெட், இன்னும் நிறைவேறாமல் கிடந்தது. ஏப்ரல் 11ஆம் தேதி மக்களவையில் ஓட்டெடுப்பு: ஆதரவு 158, எதிர்ப்பு 292. தேவகவுடா போனார். ஆனால் அரசு முழுதாக விழவில்லை. வேறு ஆளைப் போட்டால் ஆதரிக்கிறோம் என்றது காங்கிரஸ். மூப்பனார் பெயரும் அடிபட்டது, அமையவில்லை. ஏப்ரல் 21ஆம் தேதி குஜ்ரால் பதவியேற்றார். த.மா.கா. சில நாள் அமைச்சரவையில் சேராமல் வெளியே நின்றுவிட்டு, பிறகு சிதம்பரம் திரும்பி வந்து தன் பட்ஜெட்டைத் தானே நிறைவேற்றினார்.

அதனால் "கவிழ்ந்தது" என்று எழுதுமுன் எது கவிழ்ந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிரதமர் மட்டும் போனாரா? கூட்டணியின் சேர்க்கை மாறியதா? அவையே கலைந்ததா? மூன்றும் வேறு வேறு. மூன்றாவது மட்டும்தான் நம்மை ஓட்டுச்சாவடிக்கு இழுக்கும்.

அடுத்த பாடம், காரணத்தையும் சாக்கையும் பிரிப்பது. ஆதரவை எடுக்கிறவர் வெறுமனே எடுக்க மாட்டார், கையில் ஒரு சாக்கு வைத்திருப்பார். 1991இல் சந்திரசேகர் அரசுக்கு, ராஜீவ் காந்தி வீட்டுக்கு வெளியே நின்ற இரண்டு ஹரியானா போலீஸ்காரர்கள் உளவு பார்த்தார்கள் என்பது சாக்கு. 1997 நவம்பரில் குஜ்ரால் அரசுக்கு ஜெயின் கமிஷனின் இடைக்கால அறிக்கை. ராஜீவ் கொலை பற்றிய விசாரணையில் தி.மு.க.வைக் குறை சொன்ன அந்த அறிக்கை முதலில் பத்திரிகையில் கசிந்தது. நவம்பர் 20ஆம் தேதி நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. தி.மு.க. அமைச்சர்களை நீக்கு என்றது காங்கிரஸ். குஜ்ரால் மறுத்தார். முன்னணியும் தி.மு.க.வோடு நின்றது. நவம்பர் 28ஆம் தேதி ஆதரவு வாபஸ், அன்றே ராஜினாமா. டிசம்பர் 4ஆம் தேதி மக்களவை கலைந்தது.

சாக்கு என்று எப்படித் தெரியும்? நிறைவேற்ற முடியாத கோரிக்கையாக இருக்கும். தி.மு.க.வை நீக்கினால் முன்னணியே இருக்காது என்பது கேட்டவர்களுக்கும் தெரியும். இலாகா கேட்டால், நிதி கேட்டால், அது பேரம். பேரம் பேசுகிறவர் இன்னும் இருக்க விரும்புகிறார் என்று அர்த்தம். இன்னொரு கட்சியின் தலையைக் கேட்டால் பெட்டியைக் கட்டிவிட்டார். இன்னொன்றும் பாருங்கள்: அந்த அறிக்கையைக் காட்டி அரசைக் கவிழ்த்த காங்கிரஸ், 2004 தேர்தலில் அதே தி.மு.க.வோடு கூட்டு வைத்துத் தமிழ்நாட்டின் 39 இடத்தையும் வாரிக்கொண்டது. அப்போது அறிக்கையைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை.

சரி, இனி 1998க்கு வருவோம். நம் மாநிலத்துக்காரர்களுக்கு இது இன்னும் நெருங்கிய கணக்கு.

பாரதிய ஜனதா 182. தமிழ்நாட்டில் அ.தி.மு.க. அணி 30: அ.தி.மு.க. 18, பா.ம.க. 4, ம.தி.மு.க. 3, பாரதிய ஜனதா 3, சுப்பிரமணியன் சுவாமி 1, வாழப்பாடி ராமமூர்த்தி 1. இந்தத் தடவை குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன், கூட்டணிக் கட்சிகளின் ஆதரவுக் கடிதம் வேண்டும் என்றார். அ.தி.மு.க.வின் கடிதம் தாமதமானது. டெல்லியில் பதவியேற்புக்குத் தயாராக இருந்தவர்கள் சென்னையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கட்சி, அரசு பிறக்கும் முன்பே கடிதத்துக்குக் காக்க வைத்தால், அந்தத் தேதியை நோட்டில் சிவப்பு மையால் எழுதுங்கள். கடைசி நாளில் உதவும். மார்ச் 19ஆம் தேதி வாஜ்பாய் பதவியேற்றார். 28ஆம் தேதி நம்பிக்கை ஓட்டு: 274க்கு 261. ஐக்கிய முன்னணிக்கு அமைப்பாளராக இருந்த தெலுங்கு தேசத்தின் சந்திரபாபு நாயுடு தன் 12 பேரை இந்தப் பக்கம் கொண்டுவந்ததால் கிடைத்த வெற்றி. அவருடைய கட்சியின் பாலயோகி சபாநாயகரானார்.

அ.தி.மு.க.வுக்கு நான்காவது பத்தி: சென்னையில் தி.மு.க. ஆட்சி. கேட்டது அதன் கலைப்பு, அதாவது மாநில ஆட்சியை மத்திய அரசு கலைக்க இடம் தரும் அரசியல் சட்டத்தின் 356ஆவது பிரிவு. இங்கேதான் நோட்டு பேசும். மற்றக் கூட்டாளிகளின் நான்காவது பத்தியைப் பாருங்கள். அகாலி தளத்தின் ஆட்சி 1980இல் கலைக்கப்பட்டது. தெலுங்கு தேசத்தின் என்.டி. ராமராவ் 1984இல் பதவியிலிருந்து இறக்கப்பட்டார். இவர்கள் எப்படி இன்னொரு மாநில ஆட்சியைக் கலைக்கச் சம்மதிப்பார்கள்? அதோடு 1994இல் உச்ச நீதிமன்றம், கர்நாடக முன்னாள் முதல்வர் எஸ்.ஆர். பொம்மை தொடுத்த வழக்கில், பெரும்பான்மையை அவையில்தான் சோதிக்க வேண்டும் என்று சொல்லி, கலைப்பைக் கடினமாக்கிவிட்டது. ஆக, ஒரு கூட்டாளி கேட்பதை இன்னொரு கூட்டாளி தர விடமாட்டார். நோட்டில் இப்படி இரண்டு வரிகள் ஒன்றை ஒன்று வெட்டினால் ஒரு அம்புக்குறி போட்டு வையுங்கள். விரிசல் அங்கேதான்.

1998 டிசம்பர் கடைசியில் கடற்படைத் தளபதி விஷ்ணு பகவத் நீக்கப்பட்டார். 1999இல் அதை அ.தி.மு.க. கையில் எடுத்தது. திருச்சியில் இருந்துகொண்டு தலைப்பு எழுதிய எனக்குச் சிரிப்பு வந்தது. போயஸ் தோட்டத்துக்கும் கடற்படைக்கும் என்ன சம்பந்தம்? சாக்கு வந்துவிட்டது என்று அன்றே நோட்டில் எழுதினேன். மார்ச் 29ஆம் தேதி டெல்லியில் சுப்பிரமணியன் சுவாமியின் தேநீர் விருந்து. சோனியாவும் ஜெயலலிதாவும் ஒரே இடத்தில். ஏப்ரலில் தம்பிதுரை முதலான அமைச்சர்கள் ராஜினாமா. 14ஆம் தேதி குடியரசுத் தலைவரிடம் வாபஸ் கடிதம். வாஜ்பாயை நம்பிக்கை ஓட்டு கோரச் சொன்னார் நாராயணன்.

ஓட்டெடுப்பு நாளுக்கு முந்தின ராத்திரி நோட்டில் செய்ய வேண்டிய வேலை வேறு. இதில் நிதானம் வேண்டும்.

முதலில், 272ஐ மறந்துவிடுங்கள். ஓட்டெடுப்பில் கணக்கு, அவைக்கு வந்து ஓட்டுப் போட்டவர்களில் யார் அதிகம் என்பதுதான். வராதவர், நடுநிலை வகிப்பவர் எல்லாரும் மட்டத்தைக் கீழே இறக்குகிறார்கள். 1993 ஜூலையில் நரசிம்மராவ் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை வென்றது 265க்கு 251 என்ற கணக்கில்தான். (அந்த வெற்றிக்குள் ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா எம்.பி.க்களின் லஞ்ச வழக்கும் இருக்கிறது. பணம் வாங்கி ஓட்டுப் போட்டாலும் எம்.பி.க்குப் பாதுகாப்பு உண்டு என்று 1998இல் வந்த தீர்ப்பை 2024 மார்ச்சில்தான் ஏழு நீதிபதிகள் மாற்றினார்கள்.)

இரண்டாவது, பெரிய கூட்டாளி வெளியேறினால் அவரோடு வந்த சின்னவர்களும் போய்விடுவார்கள் என்று கழித்துவிடாதீர்கள். 1999இல் அ.தி.மு.க. போனபோது பா.ம.க., ம.தி.மு.க., வாழப்பாடி ராமமூர்த்தி யாரும் போகவில்லை. போதாததற்கு எதிரணியில் இருந்த தி.மு.க.வின் ஆறு பேர் வாஜ்பாய்க்கு ஓட்டுப் போட்டார்கள். ஐந்தாவது பத்தியைப் பாருங்கள்: அந்த அரசு விழுந்து, ஜெயலலிதா தயவில் வேறு அரசு வந்தால், முதலில் போவது சென்னை ஆட்சி. கொள்கையை எல்லாம் அன்றைக்குத் தூக்கி வைத்துவிட்டார்கள்.

மூன்றாவது, கொறடா உத்தரவை மீறக்கூடிய தனி ஆட்களைப் பெயரோடு எழுதுங்கள். கட்சி முழுக்க ஒரு பக்கம் நிற்கும். ஒரே ஒருவர் மனசாட்சி என்பார்.

இதெல்லாம் தெரிந்திருந்தும் 1999 ஏப்ரல் 17, சனிக்கிழமை நான் கோட்டை விட்டேன். பகுஜன் சமாஜின் ஐந்து பேர் நடுநிலை வகிப்பார்கள் என்பதுதான் முந்தின நாள் வரை வந்த செய்தி. அவர்களை நடுநிலையில் வைத்துக் கூட்டினால் வாஜ்பாய்க்கு மயிரிழையில் வெற்றி. மாலைப் பேப்பருக்கு நேரம்தான் எஜமான். "தப்பியது வாஜ்பாய் அரசு" என்று எட்டுப் பத்தித் தலைப்பு அடித்து, பட்டர் பேப்பரில் எடுத்து, பக்கத்தில் ஒட்டியே விட்டேன். பிளேட் எடுக்க வேண்டியதுதான் பாக்கி. பக்கம் ஒட்டும் அண்ணன் மட்டும், "இன்னொரு தலைப்பும் அடிச்சு வைங்க சார், ஒரு துண்டு பேப்பர்தானே" என்றார். நான் கேட்கவில்லை.

அலுவலக டிவியில் சபாநாயகரின் பலகை தெரிந்தது. பகுஜன் சமாஜின் மாயாவதி கடைசி நிமிஷத்தில் எதிர்த்து ஓட்டு. காஷ்மீர் தேசிய மாநாட்டுக் கட்சியின் சைபுதீன் சோஸ் கட்சி உத்தரவை மீறி எதிர்த்து ஓட்டு. ஒரிசா முதல்வராகப் பிப்ரவரியிலேயே போய்விட்ட காங்கிரஸின் கிரிதர் கமாங், எம்.பி. பதவியை விடாமல் இருந்ததால், வந்து எதிர்த்து ஓட்டு. அவர் ஓட்டுப் போடலாமா என்று சச்சரவு எழுந்தபோது, சபாநாயகர் அதை அவருடைய மனசாட்சிக்கே விட்டுவிட்டார். முதல்வராகி ஆறு மாதத்துக்குள் சட்டமன்ற உறுப்பினரானால் போதும் என்ற சந்தில் நுழைந்த ஓட்டு அது. ஆதரவு 269, எதிர்ப்பு 270.

அந்த ஒரு ஓட்டை யார் தலையில் கட்டுவது என்று இன்றைக்கும் டீக்கடையில் சண்டை வரும். கணக்காகப் பாருங்கள். கமாங் வராமல் இருந்தால் 269க்கு 269. சமநிலையில் சபாநாயகருக்குத் தீர்மான ஓட்டு உண்டு, அவர் தெலுங்கு தேசக்காரர். சோஸ் கட்சி சொன்னபடி போட்டிருந்தால் 270க்கு 269, அரசு பிழைத்திருக்கும். மாயாவதியின் ஐந்து பேர் பேசாமல் உட்கார்ந்திருந்தால் இவர்கள் இரண்டு பேர் பெயரும் யாருக்கும் நினைவிருக்காது. என்னைக் கேட்டால் மாயாவதிதான் என்பேன்.

ஒட்டியிருந்த தலைப்பைப் பிய்க்கும்போது கீழே இருந்த வாஜ்பாய் படமும் சேர்ந்து கிழிந்தது. அன்று பேப்பர் ஒன்றே கால் மணி நேரம் தாமதம். லாரி போய்விட்டது, புதுக்கோட்டைக் கட்டை பஸ்ஸில் போட்டு அனுப்பினார்கள். அதற்கப்புறம் எந்த ஓட்டெடுப்புக்கும் இரண்டு தலைப்பு அடிக்காமல் நான் எழுந்ததில்லை. நீங்களும் உங்கள் கணிப்பைச் சொல்வதற்கு முன் எதிர்க்கணிப்பையும் ஒரு வரி எழுதிப் பாருங்கள். அதை எழுத வராவிட்டால் கணக்கில் ஏதோ விட்டிருக்கிறீர்கள்.

பழைய உதாரணங்களை இன்றைக்கு அப்படியே பொருத்தாதீர்கள். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தில், மூன்றில் ஒரு பங்கு பேர் பிரிந்தால் அது தாவல் இல்லை, பிளவு என்று ஒரு கதவு இருந்தது. 2003இல் அதை மூடினார்கள். மூடியதும் வேறு வழி கண்டுபிடித்தார்கள்: பதவியை ராஜினாமா செய்வது. ராஜினாமா செய்தால் அவையின் மொத்த எண்ணிக்கை குறையும், பெரும்பான்மைக்கான மட்டமும் இறங்கும். 2019இல் கர்நாடகத்தில் நடந்தது இதுதான். காங்கிரஸும் மதச்சார்பற்ற ஜனதா தளமும் சேர்ந்த ஆட்சி. எண்ணிக்கையில் சின்னக் கட்சியின் குமாரசாமி முதல்வர், தேவகவுடாவின் மகன். எம்.எல்.ஏ.க்கள் வரிசையாக ராஜினாமா கொடுத்தார்கள். ஜூலை 23ஆம் தேதி 99க்கு 105. அப்பாவுக்குப் போட்ட வட்டத்தை மகனுக்கும் போட்டிருந்தால் அதிர்ச்சி குறைந்திருக்கும். இப்போதெல்லாம் நோட்டில் ஆறாவதாக ஒரு சின்னப் பத்தி வைத்து, யார் எந்த விடுதியில் என்றுகூட எழுதலாம்.

அரசு விழுந்த மறுநாள் நோட்டை மூடிவிடாதீர்கள். கவிழ்க்கச் சேர்ந்தவர்கள் ஆளச் சேர்வார்களா என்று பாருங்கள். 1999இல் 270 பேர் சேர்ந்து கவிழ்த்தார்கள். நான்கு நாள் கழித்து சோனியா 272 பேர் இருக்கிறார்கள் என்றார். சமாஜ்வாதியின் முலாயம் சிங், காங்கிரஸ் தலைமையில் அரசு என்றால் ஆதரவில்லை என்றுவிட்டார். உத்தரப் பிரதேசத்தில் காங்கிரஸ் எழுந்தால் அவர் உட்கார வேண்டும். மறுபடியும் நான்காவது பத்தி. ஏப்ரல் 26ஆம் தேதி மக்களவை கலைந்தது. வாஜ்பாய் காபந்துப் பிரதமராக இருந்தபோதுதான் கார்கில் போர். இதே சமாஜ்வாதி, 2008இல் அணுசக்தி ஒப்பந்தத்துக்காக இடதுசாரிகள் வெளியேறியபோது, மன்மோகன் சிங்கைத் தாங்கி 275க்கு 256 என்று காப்பாற்றியது. 1999இல் அந்தக் கட்சிக்கு எழுதியதை 2008இல் எழுதியிருந்தால் மறுபடியும் தலைப்பைப் பிய்த்திருப்பேன்.

ஐந்தாவது பத்தியில் நீங்கள் எழுதுவது அந்தக் கட்சி எண்ணிக்கொண்டிருக்கும் நஷ்டம்தான், உண்மையில் வரப்போகும் நஷ்டம் இல்லை. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. குஜ்ராலைக் கவிழ்த்த காங்கிரஸ் 140இலிருந்து 141க்குத்தான் போனது. ஆட்சியைப் பிடித்தது பாரதிய ஜனதா. வாஜ்பாயைக் கவிழ்த்த அ.தி.மு.க. 18இலிருந்து 10க்கு வந்தது. 1999 தேர்தலில் தமிழ்நாட்டில் தி.மு.க., பாரதிய ஜனதா அணிக்கு 26, அ.தி.மு.க., காங்கிரஸ் அணிக்கு 13. முந்தின வருடம் வாஜ்பாய்க்கு எதிராக நின்ற முரசொலி மாறன், வாஜ்பாய் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சர்.

அண்ணன் மகள் ஊருக்குப் போய்ப் புது நோட்டு வாங்கிக் கோடு போட்டுவிட்டாள். முதல் மூன்று பத்தியும் ஒரே சாயங்காலத்தில் முடிந்ததாம். நேற்று போன் செய்து, "சித்தப்பா, நாலாவதுல ஒரு சின்னக் கட்சிக்கு யாரோட சண்டைன்னே தெரியல" என்றாள். சட்டமன்றத் தேர்தல் முடிவில் அது இரண்டாவதாக வந்த தொகுதிகளை எடுத்து, முதலில் வந்தது யார் என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.